பெரும்பானைச் சில்லி: சான் அன்டோனியோ முற்றவெளிகளில் ஒரு கூட்டுணவின் வரலாறு

டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள சான் அன்டோனியோ நகரின் முற்றவெளிகளில் வளர்ந்து, ஒரு நூற்றாண்டுக்குள் அமெரிக்கா முழுவதும் பரவிய உணவு சில்லி கோன் கார்னே. மாட்டிறைச்சித் துண்டுகளை உலர்மிளகாய் விழுது, பூண்டு, சீரகம் ஆகியவற்றோடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, குழம்பு சுண்டிக் கெட்டியான பிறகு இறக்கப்படும் இந்த உணவை அமெரிக்கர்கள் சுருக்கமாகச் 'சில்லி' என்பர். இக்கட்டுரையிலும் சில்லி என்பது அந்தக் குழம்பையே குறிக்கும், காயைக் குறிக்க மிளகாய் என்ற சொல்லே ஆளப்படும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கென அளந்து வைக்கப்படுவது இதன் இயல்பன்று. தேவாலயத்தின் நிதி திரட்டும் விருந்து, தீயணைப்புத் தொண்டர்களின் ஆண்டுக் கூட்டம், தேர்தல் பிரசாரம், அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்ட நாள் என்று ஆட்கள் கூடும் இடமெங்கும் இது பெரும்பானையில்தான் கொதிக்கிறது. இந்தப் பெரும்பானை வழக்கம் மாட்டு மந்தையோட்டிகளான கௌபாய்களிடமிருந்து வந்தது என்பதே பரவலான நம்பிக்கை. ஆனால் கிடைக்கும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்தப் பானையை ஊருக்கு நடுவே கொண்டுவந்து வைத்தவர்கள் சான் அன்டோனியோவின் மெக்சிக வம்சாவளி ஏழைப் பெண்கள் என்பதும், அந்த உணவால் பின்னர் பெயரும் பொருளும் ஈட்டியவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள் என்பதும் தெளிவாகும்.

சில்லியில் சேரும் பொருள்கள் ஒரே நிலத்துக்கு உரியவை அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டங்களின் சொந்தப் பயிர்; தெற்கு டெக்சாஸின் புதர்க்காடுகளில் சில்டெபின் எனப்படும், மணி போன்ற சிறுகாய்களைக் காய்க்கும் காட்டு மிளகாய் இன்றும் தானாகவே வளர்கிறது. மாடும் பூண்டும் சீரகமும் ஸ்பானியர்களோடு கடல் கடந்து வந்தவை. 1718-இல் ஸ்பானியர்கள் ஒரு சமயப்பணி மடத்தையும் ஒரு காவற்கோட்டையையும் நிறுவியபோது சான் அன்டோனியோ உருவானது. 1731-இல் ஸ்பானிய அரசு கானரித் தீவுகளிலிருந்து 16 குடும்பங்களை அங்கே குடியேற்றியது. சீரகத்தைத் தாராளமாகச் சேர்க்கும் வழக்கம் இத்தீவினரால் வந்தது என்று ஒரு கருத்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வட ஆப்பிரிக்காவை அடுத்துள்ள அத்தீவுகளின் சமையலை நோக்க அது பொருத்தமாகத் தோன்றினாலும், ஐம்பது அறுபது பேர் கொண்ட ஒரு குடியேற்றத்தின் மீது ஒரு வட்டாரச் சமையல் முழுவதையும் ஏற்றிவிடுவது மிகை. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி ஒருவர் தம் நாட்டை விட்டு நகராமலேயே ஆவி வடிவில் டெக்சாஸ் பகுதிக்கு வந்து இதன் செய்முறையைப் பழங்குடியினரிடம் கேட்டறிந்தார் என்னும் கதையும் உண்டு. அது கதை என்ற அளவில் நிற்கட்டும். இதே மிளகாய் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைகளை அடைந்து, இங்கே ஏற்கெனவே இருந்த சீரகத்தோடு கூடியது என்பதையும், டெக்சாஸ் சில்லியின் மணம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமாக இராது என்பதையும் இங்கேயே குறித்துவிடலாம்.

சில்லியை ஒத்த உணவைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானது 1828-இல் சான் அன்டோனியோவுக்கு வந்த ஜே. சி. கிளாப்பர் என்ற பயணியின் குறிப்பு. அவ்வூர் ஏழைக் குடும்பங்கள் தங்களால் வாங்க முடிந்த கொஞ்ச இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கி, இறைச்சித் துண்டுகளுக்கு ஏறக்குறைய ஈடான எண்ணிக்கையில் மிளகாயையும் போட்டு ஒன்றாக வேகவைத்ததை அவர் பதிவு செய்கிறார். உணவுக்குப் பெயர் எதையும் அவர் தரவில்லை. ஆயினும் ஏழ்மை, நறுக்கிய இறைச்சி, ஏராளமான மிளகாய், நீண்ட வேக்காடு என்னும் நான்கும் அக்குறிப்பில் உள்ளன. ஏழைகளுக்குக் கிடைத்த இறைச்சி மாட்டின் தோள், கழுத்து, கால் ஆகிய, ஓயாமல் உழைத்து இறுகிய தசைகள். அவற்றிலுள்ள இணைப்புத் திசு மூன்று மணி நேரமாவது மெல்லிய கொதியில் கிடந்தால்தான் இளகிப் பசையாக மாறும். அவ்வாறு மாறும்போது குழம்புக்குத் தனியான கெட்டித்தன்மையும் வாயில் ஒட்டும் சுவையும் கிடைக்கின்றன. அத்தனை நேரம் விறகெரிப்பதென்றால் அரைப்பானைக்கும் முழுப்பானைக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பானையில் சமைக்கும் வழக்கத்துக்கு விருந்தோம்பல் மட்டுமே காரணமன்று. மலிவான இறைச்சியும் விறகுச் செலவும் அதைக் கட்டாயமாக்கின.

கௌபாய்களுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. எண்ணெய் வளத் தொழிலில் புகழ்பெற்ற நிலவியல் அறிஞரும் சில்லி வரலாற்றில் பேரார்வம் கொண்டவருமான எவரெட் டிகோலியர், சில்லியின் தோற்றத்தை 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைத்தார். உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சியையும் மாட்டுக் கொழுப்பையும் மிளகாயையும் உப்பையும் ஒன்றாக இடித்துக் கட்டிகளாக வார்த்து, நெடும்பயணம் செல்வோர் எடுத்துச் சென்று வழியில் வெந்நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து உண்டனர் என்பது அவர் தந்த விளக்கம். உள்நாட்டுப் போர் முடிந்த பின் 1866 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டெக்சாஸ் மாடுகள் கூட்டங்கூட்டமாக வடக்கேயுள்ள ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டபோது, அப்பயணங்களில் உடன்சென்ற சமையல் வண்டிகளிலும் மிளகாய் இட்ட இறைச்சிக் குழம்பு கொதித்தது. ஆனால் மந்தையோட்டிகள் ஒரு பயணத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் உண்டது தங்கள் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. அறிமுகமற்ற நூற்றுக்கணக்கானோர் ஒரே இரவில் ஒரே உணவைக் காசு கொடுத்து உண்ணும் வழக்கம் காட்டுப்பாதையில் உருவாகியிருக்க முடியாது. அதற்கு ஒரு நகரமும், நகருக்கு நடுவே ஒரு வெளியும் தேவைப்பட்டன.

சான் அன்டோனியோவில் அந்த வெளி மிலிட்டரி பிளாசா. பிளாசா என்பது ஸ்பானிய நகரமைப்பில் ஊருக்கு மையமாக விடப்படும் சதுரமான முற்றவெளி. இங்கு அது பழைய காவற்படையின் அணிவகுப்புத் திடலாக இருந்து, பின்னர் சந்தையாக மாறியது. விடியற்காலையில் காய்கறி, வைக்கோல், விறகு, கோழி ஏற்றிய வண்டிகள் அங்கே வந்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் அவை விலக, அதே இடத்தில் பெண்கள் சாப்பாட்டு மேசைகளைப் போடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளுக்கும் எண்பதுகளுக்கும் இடையில் இவ்வழக்கம் நிலைபெற்றது. 1877-இல் ரயில் பாதை நகரை எட்டியபின், படைவீரர்கள், மந்தையோட்டிகள், வண்டிக்காரர்கள் ஆகிய பழைய வாடிக்கையாளர்களோடு வட மாநிலங்களிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்துகொண்டனர். மேசைக்குப் பின்னே நின்று பரிமாறிய பெண்களுக்குப் பத்திரிகையாளர்கள் 'சில்லி ராணிகள்' என்று பெயரிட்டனர்.

அந்தப் பத்திரிகைக் குறிப்புகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ராணிகளின் கண்ணழகையும் மார்பில் செருகிய பூவையும் பேச்சுச் சாதுரியத்தையும் அவை விரிவாக வருணிக்கின்றன. உழைப்பைப் பற்றி அவை தருவது குறைவு. அவற்றினூடே சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத் தொழிலின் வடிவம் புலப்படும். பகல் முழுவதும் வீட்டு முற்றத்தில் சமையல் நடக்கும். பொழுது சாயும் வேளையில் பானைகளும் மேசைகளும் விசிப்பலகைகளும் வண்டியில் ஏறும். வண்டியை ஓட்டுவதும் விறகு சுமப்பதும் தட்டு கழுவுவதும் வீட்டின் மற்றவர்களிடையே பகிரப்படும். நீண்ட மேசையின் மேல் மெழுகுதுணி விரிக்கப்பட்டிருக்கும்; வண்ணக் கண்ணாடி பதித்த எண்ணெய் விளக்குகள் ஆங்காங்கே எரியும்; மேசைக்கு அருகே தரையில் மெஸ்கீட் விறகின் தணல் மேல் பானைகள் சூடாறாமல் வைக்கப்பட்டிருக்கும். மெஸ்கீட், தமிழகத்தில் சீமைக்கருவேலம் என்று அறியப்படும் மரத்தின் நெருங்கிய உறவு. அதன் தணல் நெடுநேரம் நிற்கும் என்பதைத் தென் மாவட்டத்தினருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 10 சென்ட் கொடுத்தால் ஒரு கிண்ணம் சில்லியும், அதனோடு ரொட்டியும் தண்ணீரும் கிடைத்தன. மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, சோளக்கதிரின் மேலுறையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் தமாலே, மாட்டின் இரைப்பையைக் கொண்டு செய்யும் மெனுதோ, காபி ஆகியவையும் விற்கப்பட்டன. பாடகர்கள் மேசை மேசையாகச் சென்று கிட்டார் இசைத்தனர். இரவு முழுவதும் நடந்த வணிகம், காய்கறி வண்டிகள் வருவதற்குள் சுவடில்லாமல் ஒழித்து வைக்கப்பட்டது.

அவர்கள் கையாண்ட செய்முறையின் அடிப்படையை மெக்சிக எல்லைப்பகுதியின் வீட்டுச் சமையல் இன்றளவும் காத்து வருகிறது. முதலில் மிளகாய். பச்சையாக இருக்கும்போது பொப்லானோ என்றும், பழுத்து உலர்ந்தபின் ஆஞ்சோ என்றும் அழைக்கப்படும் அகலமான, கருஞ்சிவப்பு நிறமுடைய, சுருக்கம் விழுந்த மிளகாயே இதற்கு உரியது. அதில் காரம் அடக்கமாகவும், உலர்ந்த பழத்தையொத்த இனிப்பும் மணமும் மேலோங்கியும் இருக்கும். ஆகவேதான் இறைச்சிக்கு நிகராக மிளகாயைப் போட்டும் அது உண்ணத்தக்கதாகிறது. காம்பும் விதையும் நீக்கிய மிளகாயை வெறும் சட்டியில் கருகாமல் வாட்டி, கொதிநீரில் ஊறவைத்தால் தோலிலிருந்து சதை தளர்ந்துவிடும். அச்சதையைச் சுரண்டி எடுத்தோ, அம்மி போன்ற மெட்டாட்டே என்னும் கல்லில் அரைத்தோ விழுதாக்குவர். மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில் இறைச்சித் துண்டுகளைச் சிவக்க வதக்கி, பூண்டும் வறுத்துப் பொடித்த சீரகமும் ஓரிகானோ என்னும் உலர்ந்த மணத்தழையும் சேர்த்து, விழுதையும் நீரையும் ஊற்றி, குமிழி மெல்ல எழும் அளவுக்குத் தீயைத் தணித்து வைப்பர். இறக்கும் தறுவாயில், சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவாகிய மாசாவை நீரில் கரைத்து ஊற்றினால், மேலே மிதக்கும் செந்நிறக் கொழுப்பைக் குழம்பு ஓரளவு தன்னுள் வாங்கிக்கொண்டு கெட்டிப்படும்.

நூறு பேருக்குச் சமைப்பது என்பது நாலு பேருக்கான அளவை இருபத்தைந்தால் பெருக்குவதன்று. இறைச்சி முழுவதையும் ஒரே தடவையில் சட்டியில் கொட்டினால் அது விடும் நீரிலேயே வெந்து வெளுத்துப்போகும்; ஆதலால் சட்டியின் அடி நிறையும் அளவுக்கு மட்டும் இட்டு, ஈடு ஈடாகச் சிவக்க வைத்து, பெரும்பானைக்கு மாற்ற வேண்டும். குழம்பின் கொள்ளளவு பெருகுவதற்கு ஏற்ப அதன் மேற்பரப்பு பெருகுவதில்லை என்பதால், பெரும்பானையில் நீர் சுண்டும் விகிதம் குறைவு. தொடக்கத்திலேயே நீரைக் குறைத்து ஊற்றாவிட்டால் குழம்பு நீர்த்து நிற்கும். சீரகத்தையும் உப்பையும் கணக்குப் பார்த்து மொத்தமாகப் போடாமல் இரண்டு மூன்று முறையாகப் பிரித்துப் போட்டுச் சுவை பார்ப்பதும், மாசா சேர்த்தபின் அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே இருப்பதும், அடியில் காந்தல் கண்டுவிட்டால் சுரண்டாமல் மேலிருப்பதை வேறு பானைக்கு மாற்றிவிடுவதும் அனுபவத்தால் மட்டுமே வரும் கைப்பக்குவங்கள். மிலிட்டரி பிளாசாவின் பெண்கள் இதை நாள்தோறும், அளவுக் கருவி எதுவுமின்றி, ஒரு கிண்ணம் 10 சென்ட் என்ற விலைக்குள் செய்து முடித்தனர். அதைப் புகழ்ந்து எழுதுவதற்கு ஒரு பூச்செருகலைவிடப் பொருத்தமான காரணம் இது.

நகரம் வளர்ந்தபோது அவர்களுக்கு இடம் சுருங்கியது. மிலிட்டரி பிளாசாவின் நடுவே புதிய நகராட்சிக் கட்டடம் எழுப்பப்பட்டு 1891-இல் நிறைவுற்றது. மேசைகள் அங்கிருந்து அலாமோ பிளாசாவுக்கும் வேறு வெளிகளுக்கும், இறுதியாக நகரின் மேற்குப் பகுதியில் மெக்சிக வம்சாவளியினர் நெருங்கி வாழ்ந்த வட்டாரத்தை ஒட்டிய வைக்கோல் சந்தை வெளிக்கும் நகர்ந்தன. 1895-இல் நகருக்கு வந்த எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் அந்த மேசைகளைப் பற்றி எழுதினார். டெக்சாஸில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஓ. ஹென்றி தம் சிறுகதை ஒன்றில் அவற்றுக்கு இடமளித்தார். டெக்சாஸ் மெக்சிக இசையின் பெரும் பாடகியான லிடியா மெண்டோசா 1930-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு பாடிப் பிழைத்தது அந்த வைக்கோல் சந்தை வெளியிலேதான். அங்கே அவருடைய குரலைக் கேட்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வாய்ப்பளிக்க, 1934-இல் வெளிவந்த இசைத்தட்டு அவரை எல்லையின் இருபுறமும் அறியச் செய்தது. ஒரு கிண்ணம் சில்லியைச் சுற்றி எத்தகைய பொதுவாழ்வு நிலவியது என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதிய சான்று.

இதற்கிடையில் சில்லி பானையிலிருந்து புட்டிக்கும் டப்பாவுக்கும் இடம் மாறத் தொடங்கியது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட சான் அன்டோனியோ சில்லிக் கடை வட அமெரிக்கர்களுக்கு அச்சுவையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டுகளில், சான் அன்டோனியோவுக்கு வடக்கே நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஜெர்மானியக் குடியேற்ற ஊரில் உணவகம் நடத்திய வில்லியம் கெப்ஹார்ட், ஆஞ்சோ மிளகாய் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை என்ற இடரைத் தீர்க்க வழி தேடினார். மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசிப் பகுதியிலிருந்து மிளகாயை மொத்தமாக வரவழைத்து, உலர்த்தி, இறைச்சி அரைக்கும் கைப்பொறியில் மீண்டும் மீண்டும் அரைத்து, சீரகமும் ஓரிகானோவும் கலந்து அவர் உருவாக்கிய பொடி 1896-இல் 'ஈகிள் பிராண்டு' என்ற வணிகப் பெயரைப் பெற்றது. தொழிற்சாலையும் சான் அன்டோனியோவுக்கு வந்தது. ஃபோர்ட் வொர்த் நகரில் டிவிட் கிளின்டன் பெண்டரி என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தகைய பொடியை விற்றார் என்பதால் முதன்மை யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கோர்சிகானா நகரில் லைமன் டேவிஸ் 1895 முதல் வண்டியில் வைத்துக் கிண்ணம் 5 சென்டுக்கு விற்ற சில்லி, 1921-இல் 'வுல்ஃப் பிராண்டு' என்னும் டப்பாவாகியது.

சில்லிப்பொடியின் வருகையை வெறும் வசதி என்று கருதிக் கடந்துவிடலாகாது. மிளகாயைத் தேர்வதும் வாட்டுவதும் ஊறவைப்பதும் அரைப்பதும் ஆகிய, நாளின் பெரும்பொழுதை விழுங்கிய வேலைகள் ஒரு கரண்டிப் பொடியாகச் சுருங்கின. டெக்சாஸைக் கண்டிராத ஓர் இல்லத்தரசி ஒரு மணி நேரத்தில் சில்லி வைக்க முடிந்தது. கெப்ஹார்ட் நிறுவனம் சிறு சமையல் கையேடுகளையும் அச்சிட்டுப் பரப்பியது. அறிவு பெண்களின் கையிலிருந்து புட்டியின் மேலுறைக்கு மாறியபோது, அந்த அறிவுக்கு உரியவர்கள் யார் என்பதும் மறந்துபோயிற்று. சில்லி நாடறிந்த உணவாவதற்குப் பொடி தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. அதற்கு ஈடாக அவ்வுணவின் மூலவர்கள் விளம்பரப் படத்தில் ஓர் அலங்காரமாக மட்டும் எஞ்சினர் என்பதையும் மறைக்கக் கூடாது.

1930-களில் முற்றவெளி மேசைகளின் மீது சுகாதாரச் சட்டம் பாய்ந்தது. திறந்தவெளியில் உணவு வைப்பதும், ஓடும் நீர் இல்லாமல் ஒரே தொட்டியில் கிண்ணங்களைக் கழுவுவதும் குற்றம் என்று நகரச் சுகாதாரத் துறை கூறி, 1937-இல் மேசைகளை அகற்றியது. 1939-இல் நகரத் தந்தையான மோரி மேவரிக், அவற்றை நகரின் அடையாளமாக மீட்க முயன்று, கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தார். ஆயினும் இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் அவை அறவே மறைந்தன. சுகாதாரக் கவலை பொய்யன்று. அமெரிக்க நகரங்களில் காசநோய் மரணம் மிகுந்திருந்தவற்றுள் சான் அன்டோனியோவும் ஒன்று. மேற்குப் பகுதியின் பல வீடுகளுக்குக் குழாய் நீரும் கழிவுநீர் வாய்க்காலும் எட்டியிருக்கவில்லை. இன்றைய உணவுப் பாதுகாப்பு அறிவைக் கொண்டு பார்த்தால், தணலின் மேல் இரவு முழுவதும் கொதிநிலையை ஒட்டி வைக்கப்பட்டிருந்த குழம்பு ஆபத்தற்றது. ஆபத்து இருந்தது கழுவும் நீரில். அந்த நீரை முற்றவெளிக்குக் குழாய் வழியே கொண்டுவருவது நகராட்சியின் ஆற்றலுக்கு உட்பட்ட செயல். அதைச் செய்யாமல் மேசைகளை எடுத்தது எளிய வழி. மேசைகள் முதலில் அகற்றப்பட்டதற்கு மறு ஆண்டு, அதே மேற்குப் பகுதியில் பிக்கான் கொட்டை உடைக்கும் 10,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கூலிக் குறைப்பை எதிர்த்து எம்மா தெனாயூகா என்ற இளம்பெண்ணின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சில்லி மேசைகளைப் போட்டவர்களும் அதே சமூகத்துப் பெண்களே என்பதை நினைவில் கொண்டால், ஒரு மேசை பறிபோவது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

முற்றவெளியில் அணைந்த அடுப்பு வேறு ஆயிரம் இடங்களில் எரிந்துகொண்டிருந்தது. 1896-இலேயே அமெரிக்கப் படையின் சமையல் கையேடு சில்லியைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் படைகளின் சமையல் குறிப்பட்டைகள் எல்லாமே 100 பேருக்கு என்ற அளவில் எழுதப்பட்டதால், படையிலிருந்து ஊர் திரும்பிய சமையல்காரர்கள் கூட்டத்துக்குச் சமைக்கும் கணக்கைக் கையோடு கொண்டுவந்தனர். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில், மாசிடோனியாவிலிருந்து குடியேறிய கிராஜெஃப் சகோதரர்கள் 1922-இல், பட்டையும் கிராம்பும் மணக்கும் ஒரு நீர்த்த இறைச்சிக் குழம்பை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியைத் தூவித் தந்தனர். அதற்கும் சில்லி என்றே பெயர். இல்லினாய், மிசௌரி, கான்சாஸ் முதலிய நடு மாநிலங்களின் சிற்றூர்களில் இலையுதிர்காலம் வந்தால் தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ பள்ளிக்கூடத்திலோ 'சில்லி விருந்து' நடத்தி நிதி திரட்டுவது வழக்கமாயிற்று. நெப்ராஸ்காவில் அதனோடு இலவங்கப்பட்டை இட்ட இனிப்பு ரொட்டி பரிமாறுவர். பிற இடங்களில் உப்பு பிஸ்கட்டு. இத்தகைய விருந்துகளில் இறைச்சியின் பங்கைக் குறைத்து வயிற்றை நிரப்பும் பொருட்டு பீன்ஸ் விதைகள் பானைக்குள் புகுந்தன, தக்காளியும் புகுந்தது. முற்றவெளிப் பெண்கள் பீன்ஸைத் தனியே வேகவைத்துப் பக்கத்தில் பரிமாறினர். டெக்சாஸ்காரர்கள் இன்றும் பானைக்குள் பீன்ஸ் கூடாது என்பதைக் கொள்கையாகவே பேசுகின்றனர். நூறு வயிறுகளை நிரப்ப வேண்டிய தேவாலயச் சமையலறையில் அந்தக் கொள்கைக்கு இடமில்லாமற்போனது இயல்பே. மெக்சிகோவில் இவ்வுணவைத் தம்முடையதென்று ஏற்பாரும் குறைவு. ஃபிரான்சிஸ்கோ சாந்தமரியா 1959-இல் வெளியிட்ட மெக்சிக வழக்குச் சொல் அகராதி, மெக்சிக உணவு என்ற பொய்ப்பெயரில் விற்கப்படும் அருவருப்பான பண்டம் என்ற பொருள்பட இதை விளக்கியது.

1960-களில் சில்லி டெக்சாஸ் பெருமிதத்தின் சின்னமாயிற்று. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் பண்ணை வீட்டுச் செய்முறையைக் கேட்டு வந்த கடிதங்கள் பெருகியதால், அவருடைய மனைவி அதை அட்டையாகவே அச்சிட்டு அனுப்பச் செய்தார். அதில் தக்காளி உண்டு, பீன்ஸ் இல்லை. டல்லாஸ் பத்திரிகையாளர் ஃபிராங்க் டோல்பர்ட் சில்லியின் வரலாற்றை நூலாக எழுதினார். 1967-இல் நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித், சில்லியைப் பற்றித் தம்மைவிட அறிந்தவர் எவருமில்லை என்று ஒரு கட்டுரையில் அறைகூவ, டெக்சாஸ் பத்திரிகையாளர் விக் ஃபௌலர் அதை ஏற்க, மெக்சிக எல்லையருகே பாதரசச் சுரங்கம் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த டெர்லிங்குவா என்ற ஊரில் அவ்வாண்டு அக்டோபரில் சமையல் போட்டி நடந்தது. நடுவர் இருவர் ஆளுக்கொரு போட்டியாளருக்கு வாக்களிக்க, மூன்றாம் நடுவர் தம் நாக்கு செயலிழந்துவிட்டதென்று கூறிப் போட்டியைச் சமநிலையில் முடித்தார். அப்போட்டி ஆண்டுவிழாவாகி, 1980-களில் இரண்டாகப் பிரிந்து, இன்றும் நவம்பரின் முதல் சனிக்கிழமையை ஒட்டி நடைபெறுகிறது. இறைச்சியைப் போட்டிக்களத்திலேயே அன்றே சமைக்க வேண்டும். பீன்ஸ், சோறு, பாஸ்தா எதுவும் சேர்க்கக் கூடாது. பெயரற்ற, எண்ணிட்ட கிண்ணங்களில் வரும் சில்லியை மணம், நிறம், பதம், சுவை, பின்சுவை என்று நடுவர்கள் மதிப்பிடுவர். பெண்கள் உருவாக்கிய உணவுக்கான அப்போட்டியில் தொடக்க ஆண்டுகளில் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் லக்கன்பாக் என்ற சிற்றூரில் தங்களுக்கென ஒரு போட்டியை நடத்திக்கொண்டு, 1970-களின் நடுப்பகுதியில்தான் டெர்லிங்குவாவின் களத்துக்குள் நுழைந்தனர். 1977-இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது.

கூட்டத்துக்குச் சில்லி வைப்போருக்கு இவ்வரலாற்றிலிருந்து பயன்படும் செய்தி ஒன்று உண்டு. சில்லியை முந்திய நாளே வைத்து மறுநாள் சூடாக்கினால் சுவை கூடும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படுவது. ஆனால் பெரும்பானையின் நடுப்பகுதி இரவு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருந்து, கொதியிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்துப் பெருக இடங்கொடுக்கும். அமெரிக்க உணவு விதிகள், சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்கின்றன. ஆகவே இறக்கிய உடனே அகலமான, ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையேல் முற்றவெளிப் பெண்கள் செய்ததுபோல் அன்றே வைத்து, பந்தி முடியும்வரை அடுப்பை அணைக்காமல் பரிமாற வேண்டும்.

சான் அன்டோனியோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் கெப்ஹார்ட் நிறுவனத்தின் ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. டெர்லிங்குவாவில் வென்றவர்களின் பட்டியல் ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. மிலிட்டரி பிளாசாவில் மேசை போட்ட பெண்களுள் பத்திரிகைக்காரர்களின் கண்ணில் பட்ட சிலரைத் தவிர மற்றவர்களின் பெயர் கூட எஞ்சவில்லை. சில்லியின் வரலாற்றை எழுதுவோர் அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.